சாவி ஒண்ணுதான்

மண்டபத்தில் தடைக்காலத்தின் இரண்டாவது வாரம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன.
ஐஸ் பிளாண்டில் மோட்டார் சத்தம் இல்லை.
இந்தக் கூரையை இவ்வளவு அமைதியாக நான் கேட்டதில்லை:
தகரத்தில் காகம் நடப்பதுகூடக் கேட்கிறது.

பதினான்கு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள்.
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் டீயும் பருப்பு வடையும்.
கீழக்கரையிலிருந்து வந்த இர்ஃபானா மேடம்
எங்கள் முகத்தைப் பார்க்குமுன் கால்களைப் பார்த்தார்.
பதினொரு பேர் வெறுங்கால்.
ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்.

"இந்தத் தரையில நிக்கிறதும்
இடுப்பளவு கடல்ல நிக்கிறதும் ஒண்ணு" என்றார் பிறகு.
உப்புத்தண்ணித் தொட்டி கசிந்து கசிந்து
சிமெண்டே வெளுத்துப்போன தரை.
வீட்டில் விரலைச் சுண்டிவிட்டுப் போகும் கரண்ட்
இங்கே பிடித்தால் விடாது.
ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து காட்டினார்:
பச்சை பூத்த செம்புக் கம்பி,
ஒரு பல்லியின் எலும்பு,
சிகரெட் அட்டைத் தாளைச் சுருட்டிச் செருகிய பியூஸ் கேரியர்.
யார் செருகியது என்று அவர் கேட்கவில்லை.
நல்லவேளை.

அடைக்கலம் எழுந்தான்:
"ஒருத்தன் ஒட்டிக்கிட்டா
துடுப்பால தட்டிவிடலாமா மேடம்? மரந்தானே?"
"மரந்தான்.
வருசம் பூரா உப்புத்தண்ணி குடிச்ச மரம்.
மொதல்ல மெயினை நிறுத்து, அப்புறம் ஆளுகிட்ட ஓடு."
எல்லோரும் சிரித்தோம்.
நம்புவேல் சிரிக்கவில்லை.
இரண்டு நாற்காலி தள்ளி
வலது கையை இடது கையால் மூடி உட்கார்ந்திருந்தான்.
மூடாவிட்டால் மூன்று விரல்தான் தெரியும்.

டெஸ்டரை முதலில் உயிருள்ள பிளக்கில் வைக்கணும். எரியுதா?
பிறகு தொடப்போகும் கம்பியில். எரியலையா?
திரும்பவும் பிளக்கில்.
"நடுவுல டெஸ்டரே செத்திருந்தா?
கரண்ட் இல்லேன்னு கண்ணை நம்பாதீங்க,
கூட வேலை பாக்கிறவன் சொன்னான்னும் நம்பாதீங்க."
நம்பு நம்பு என்று அவர் சொன்னபோதெல்லாம்
அவனைக் கூப்பிடுவதுபோல் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன கார்த்திகை, விடிகாலை மூன்றரை,
டோக்கன் போட்ட நாள்.
ஒன்பது படகு ஐஸுக்கு நின்றது.
பெட்டியில் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது.
கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்தேன்.
நினைத்தேன் என்பதே பொய்.
கை தானாகப் போனது.
சுவருக்கு அந்தப் பக்கம்
மோட்டார் டெர்மினலில் ஸ்குரு முடுக்கிக்கொண்டிருந்தவன்
கத்தவில்லை. அது பிடித்தால் கத்த முடியாது.
"எவன்டா போட்டது?" என்று முதலாளி வந்து கேட்டபோது
எல்லோரும் தரையைப் பார்த்தோம்.
நானும் பார்த்தேன்.
அன்றைக்கு ஐஸ் தாமதம், படகுகள் ஏழு மணிக்குப் போயின.

மேடம் சிவப்புப் பூட்டு ஒன்றை எடுத்தார்.
"சாவி ஒண்ணுதான்.
முதலாளிகிட்ட இல்ல, என்கிட்டயும் இல்ல.
உள்ள கை வைக்கிறவன் பாக்கெட்ல மட்டும்.
யார் செஞ்சு காட்டுறா?"
மூன்று விரல் கை உயர்ந்தது.
அவனே கைப்பிடியை இறக்கினான், பூட்டை மாட்டினான்,
பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டான்,
சாவியைச் சட்டைப்பையில் போட்டு
மேலே ஒருதரம் தட்டிக்கொண்டான்.
டெஸ்டர் வைத்தான், மூன்று தடவை.
மோட்டார் முன்னால் குந்தினான்.

"இப்ப ஒருத்தர் வந்து ஆன் பண்ணிப் பாருங்க.
பூட்டு நிக்குதான்னு தெரியணும்ல."
நாற்காலிகள் அசையவில்லை.
"சூசை வரட்டும்" என்றான் நம்புவேல்,
திரும்பாமலே.

ஏழெட்டு அடிதான் இருக்கும்.
கைப்பிடி ஈரமாக இருந்தது, அல்லது என் கை.

"இப்பப் போடுறா."

போட்டேன்.
இருந்த பலத்தையெல்லாம் வைத்து.

பூட்டு ஒருமுறை கிணுக்கென்றது.
கூரையில் காகம் நடந்தது.
அந்தப் பக்கம்
ஸ்குருவை முடுக்கும் சத்தம்
நிற்கவே இல்லை.