ஏழாம் மாடி

மனக்கோட்டை கட்டாதே என்று
வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
மறுநாளே கல் ஒட்டத் தொடங்கிவிட்டான் லுபோஷ்,
ஒஸ்த்ராவாவில், லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்,
எங்கள் வரவேற்பறையில்.

தெர்மோகோல் பாறைகள். சாம்பல் பெயின்ட் மூன்று டப்பா.
டிவியைச் சுற்றி வளைவு வாசல்.
ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக இரண்டு வாள்;
ரொட்டியில் வெண்ணெய் தடவக்கூட உதவாது.
சங்கிலியில் தொங்கும் இரும்புச் சக்கர விளக்கு
தினமும் என் நெற்றியில் இடிக்கிறது.
அவனுக்கு இடிக்காது, குள்ளம்.

சுரங்கத்தை மூடிய பிறகு
இத்தனை மும்முரமாய் அவனைப் பார்த்ததில்லை.
இருபத்தாறு வருஷம்
கல்லைப் பெயர்த்தவன்
கல்லை ஒட்டுகிறான்.

முதல் முற்றுகை ஞாயிறு மதியம்.
துளைபோடும் சத்தம் தாங்காமல்
கீழ்வீட்டு யார்மிலா
வீட்டுச் செருப்போடு ஏறி வந்தாள்.
சுவரைக் குத்தினாள்,
பாறையில் விரல் பதிந்தது.
"எதிரி தலையில் ஊற்ற
எண்ணெய் எங்கே கொதிக்கிறது?"

அடுப்பில்தான், என்றேன்.
கட்லெட் பொரிக்கிறேன். உனக்கும் இருக்கிறது.

ஏணியிலிருந்து இறங்கி
கைத்தூசியைக் கால்சட்டையில் துடைத்து
நாற்காலி இழுத்துப் போட்டான் லுபோஷ்.
அம்பு ஒன்றுகூடப் பறக்கவில்லை.
அவ்வளவு சுலபமாகக்
கோட்டை விட்டான்.