நூறு சதவீதம்

கடவுச்சொல் சரிதான்.
திரை ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு
மறுபடி கடவுச்சொல்லையே கேட்கிறது.
ஆறாவது தடவை அடிக்கிறாள் அசில்கான்,
ஒவ்வோர் எழுத்தையும் ஊசி போடும் நிதானத்தில்.
சிமிட்டுகிறது.
கேட்கிறது.

அத்-பாஷி கால்நடை மருந்தகம். மே மாதம், இரவு ஒன்பதரை.
வெளியே மழையா பனியா என்று
இன்னும் முடிவெடுக்காத ஏதோ ஒன்று விழுகிறது.
விடிந்தால் பதினோரு மந்தைகள் மலைமேய்ச்சலுக்கு ஏறும்.
மந்தைக்கு ஒரு சான்றிதழ்:
கோமாரித் தடுப்பூசி, தேதி, தலைக்கணக்கு.
எல்லாம் இந்தச் சின்ன மடிக்கணினிக்குள்.
மொத்தக் கொள்ளளவே பதினாறு ஜிபி.

விண்டோஸ் இதில் மூச்சுத் திணறிச் செத்தபோது
எலும்பும் தோலுமான ஒரு லினக்ஸை ஏற்றிக் கொடுத்தவன் உசோன்.
"ஒட்டகம் இது, எதுவும் கேட்காது" என்றான்.
இப்போது மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான்.
அங்கே மாலை நெரிசல்.
"கண்ட்ரோல், ஆல்ட், எஃப் இரண்டு" என்கிறான் ஹாரன்களுக்கு நடுவில்,
"இரு, ஆள் ஏறுகிறார்."

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து.
இங்கே அதே கடவுச்சொல் முதல் தடவையிலேயே செல்லுபடி.
எவ்வளவு மிச்சம்?
பயன்பாடு நூறு சதவீதம். மிச்சம் பூஜ்யம்.

வயிறு உப்பிய மாட்டுக்கு எங்கே குத்தவேண்டும் என்று
அவளுக்குத் தெரியும்:
இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னே, துணிந்து.
இதற்கு இடப்பக்கம் எது?

நிறுவி முடித்த பொட்டலங்களின் வெற்று உறைகளைக் கழித்தாள்.
நாற்பது எம்பி.
தேநீர் ஊற்றிக்கொண்டு திரும்பினால்
அதுவும் இல்லை.
உள்ளே ஏதோ தின்கிறது,
இவள் போடப் போட.

கோப்புறை கோப்புறையாக எடை பார்த்தாள்.
ஆட்டைத் தராசில் ஏற்றுவதுபோல்
ஒன்று, அடுத்தது, அடுத்தது.
எட்டு எம்பி. பன்னிரண்டு. அறுநூறு.
பிறகு ஒரே ஒரு பதிவுக்கோப்பு
ஆறு ஜிபி.

அதன் வாலைத் திறந்து படித்தாள்.
அச்சுப்பொறியைக் காணோம்.
அச்சுப்பொறியைக் காணோம்.
அச்சுப்பொறியைக் காணோம்.
போன அக்டோபரில் உருளை உடைந்து
சாமான் வண்டியில் போன பழைய அச்சுப்பொறி.
புதியது வந்து, மேசையில் உட்கார்ந்து,
நன்றாக அச்சிட்டும் கொண்டிருக்கிறது.
இது மட்டும் நொடிக்கு நூறு தடவை
கன்று செத்த கொட்டிலைப் பார்த்துக் கத்தும் பசுபோல.
பசுக்கூட நாலாம் நாள் ஓய்ந்துவிடும்.

அழித்தாள்.
எவ்வளவு மிச்சம்?
பூஜ்யம்.

கோப்பு இல்லை. இடமும் இல்லை.
பட்டியலில் பெயரைக் காணோம், ஆனால் ஆறு ஜிபி
இருந்த இடத்தில் கால் மடக்கிப் படுத்திருக்கிறது.
இது எந்த ஊர்க் கணக்கு?

உசோனை மறுபடி அழைத்தாள்.
"பெயரைத்தான் அழித்திருக்கிறாய்.
எழுதுகிறவன் இன்னும் கையில் பிடித்திருக்கிறான்.
அவன் விட்டால்தான் இடம் வரும்.
அவனை ஒருமுறை நிறுத்தி எழுப்பு."
பின்னிருக்கையிலிருந்து யாரோ
வலப்பக்கம், வலப்பக்கம் என்று ரஷ்யனில் கத்துகிறார்.

நிறுத்தினாள். எழுப்பினாள்.
ஐம்பத்தெட்டு சதவீதம்.

சும்மா இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள்,
அதே பதிலை மீண்டும் வாங்கும் ஆசையில்.
பிறகு, மறக்காமல்,
பழைய அச்சுப்பொறியின் பெயரை அமைப்பிலிருந்தே எடுத்தாள்.
இனி நீ அதைத் தேடவேண்டாம், போதும்.
பழைய கர்னல்கள் நான்கில் மூன்றையும் அனுப்பிவைத்தாள்.

மணி பன்னிரண்டே கால்.
கடவுச்சொல். திரை சிமிட்டவில்லை.
பட்டியல் திறந்தது: எல்லா மந்தையும், எல்லாத் தலையும்.

அச்சுப்பொறி ஒன்று, இரண்டு என்று துப்ப ஆரம்பித்து
எட்டாவதில் வெளிறி
பத்தாவதில் சாம்பலாகி
பதினொன்றில் வெள்ளைத் தாளை நீட்டியது.
மை தீர்ந்துவிட்டது.

அசில்கான் சிரித்தாள். சத்தமாகவே.
பேனாவை எடுத்து,
முந்நூற்று நாற்பது ஆடுகள், பதினேழு குதிரைகள் என்று
கையால் எழுதி,
முத்திரையை மட்டும்
மற்ற பத்தையும்விட அழுத்திக் குத்தினாள்.