ஆறு மில்லிமீட்டர்

பழுதென்று திரும்பி வந்தவை பதினேழு.
அதில் பதினொன்று தங்கச்சிமடத்திலிருந்து.
கோயம்புத்தூரில் மேசைவிளக்கின் கீழ்
ஒவ்வொன்றாய்ப் பிளந்தேன்.
செம்பின்மேல் பச்சை பூத்திருந்தது.
ஒன்றில் எறும்பு.
ஒன்றில் மீன் செதில்,
எந்த வழியாக நுழைந்ததோ.

ஓட்டல் சோப்பு அளவில் அறுபத்தைந்து வாட், நாலு வாய்
என்று அட்டையில் அச்சடித்தவர்கள் நாங்கள்.
சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்றார்கள்.
அடக்கினேன்.
ஒரு மில்லிமீட்டருக்காக ஒரு மாதம்
யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறேன்.

எமரென்சியாவின் கடை ஐஸ் கம்பெனிக்கு எதிரே.
ரீசார்ஜ், நைலான் கயிறு, தூண்டில் முள்.
படகு போகாத நாளில்
சுவரெல்லாம் போன் தொங்கும்.
"நீங்கதான் இதச் செஞ்சதா" என்றாள்,
பஸ்ஸில் காலை மிதித்தவனைக் கேட்பதுபோல.

"வேல செய்யுது. நிக்க மாட்டேங்குது."
செருகிக் காட்டினாள்.
ஆயிரம் தடவை செருகித் தளர்ந்துபோன பிளக் பாயின்ட்.
என் சார்ஜர் தன் கனத்திலேயே
மெல்லத் தலை கவிழ்ந்தது.
கிழிந்த நரம்பு வலையில் அதற்கொரு தொட்டில்
கட்டி வைத்திருந்தாள்.
என் வரைபடத்தில் தொட்டில் கிடையாது.

நண்டு கழற்றித் தடித்த விரல்கள்
ஒரு வயரை இழுத்தால் பக்கத்து வயரும் வருகிறது.
எது வேகமான வாய் என்று
சாம்பல் நிறத்தில் எழுதியிருக்கிறோம்,
கடுகைவிடச் சின்னதாக.
அவள் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள்.

ஒரு போன் என்றால் முழு வேகம்.
இன்னொன்று வந்தால் பிரியும்.
நாலும் வந்தால் முதல் வாய்க்கு நாற்பத்தைந்து,
மிச்சம் மற்ற மூன்றுக்கும்.
இதை நான் சொல்லி முடிப்பதற்குள்
"பங்கு மாதிரி" என்றாள்.
"படகுக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு.
அப்புறந்தான் ஆளுக்கு."
நான்காவது வாயில் டெல்வினின் போன்,
கண்ணாடி உடைந்தது,
ராத்திரி முழுக்கக் கிடந்து முப்பத்தெட்டு சதவீதம்.
அதோடுதான் விடியுமுன் கடலுக்குப் போகிறான்.
அந்தப் பங்கை எழுதியது என் கை.
ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்,
அவசரத்தில்.

ஐஸ் பில்லின் பின்னால் வரைந்து காட்டினேன்:
இந்தப் பக்கம் இருநூற்று முப்பது வோல்ட்,
தொட்டால் ஆள் இல்லை.
அந்தப் பக்கம் ஐந்து, குழந்தை கடிக்கலாம்.
நடுவே ஆறு மில்லிமீட்டர், வெறும் பிளவு.
இரண்டு சுருளும் தொட்டுக்கொள்ளாது,
ஆனாலும் விசை போய்ச் சேரும்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"வடகடல், தென்கடல்.
இங்க பொங்குனாலும் அங்க குளம்."
பிறகு,
"ஆனா பாம்பன்ல தண்ணி மாறுமே."

மாறும்.
அதுதான் பதினொன்றிலும் நடந்திருக்கிறது.
வாடைக்காற்றின் ஈரத்தோடு உள்ளே படிந்த உப்பு
அந்தப் பிளவின்மேல் பொடிப்பொடியாய்ப்
பாலம் கட்டிவிட்டது.
எங்கள் ஆறு மில்லிமீட்டர்
கோயம்புத்தூர்க் காற்றுக்குப் போட்ட கணக்கு.

ஒன்பதாக்க வேண்டும்.
மேலே ஒரு பூச்சு.
வாய்களுக்கிடையே ஒரு விரலாவது.
சோப்பு, சோப்பு டப்பாவாகிவிடும்.
கூட்டத்தில் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.
சொன்னேன் அவளிடம்.
"சட்டப்பையில போன் இருக்கு, பீடி இருக்கு.
சார்ஜர யாரு வைப்பா?"

டெல்வின் வந்து போனைக் கழற்றினான்.
மற்ற மூன்றும் கொஞ்சம் வேகம் பிடித்ததை
நான் ஒருத்தி மட்டும் கவனித்தேன்.

கடைசி பஸ் பாலத்தில் ஏறியது.
வலது பக்கம் வடகடல், இடது பக்கம் தென்கடல்,
இருட்டில் இரண்டும் ஒன்றுபோல.
ஒன்பது மில்லிமீட்டர் என்று குறித்துவைக்கப் போனை எடுத்தேன்.
நான்கு சதவீதம்.
அவள் கடையில் எனக்கு
வாய் காலியாக இல்லை.