உடன்நிகழ்வு

அல் கோர் கரைக்கு எதிரே கடலடியில்
பதினான்கு காதுகள் வைத்திருக்கிறோம்.
சிமெண்டு நிரப்பிய பழைய டயரில் கம்பி நட்டு,
கம்பியில் கட்டிய கறுப்புக் குழல்கள்.
மாதம் ஒருமுறை நான் இறங்கி
பாசியும் கொட்டலசும் சுரண்டி
அவை கேட்டதையெல்லாம் கறந்துகொண்டு வருவேன்.

களவா மீன்கள் முப்பத்தொன்று. இங்கே ஹமூர்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
சுண்டுவிரல் அளவு ஒரு குப்பி, மூன்று தையல்.
தைத்தவன் நான்.
தைத்து முடியும்வரை
செவுளுக்குத் தண்ணீர் ஊற்றியவன் பிரதீபன்.

ஒரே காதில் பத்து நிமிடத்துக்குள்
இரண்டு எண்கள் விழுந்தால்
சேர்ந்திருந்தன என்று கணக்கு.
4417-உம் 4420-உம்
மார்ச்சில் அறுபது முறை, ஏப்ரலில் தொண்ணூற்றிரண்டு.
சிநேகிதம் என்று ஓரத்தில் குறித்தேன்.
டாக்டர் லுல்வா அதை அடித்துவிட்டு
மேலே எழுதினார்: உடன்நிகழ்வு.
சரிதான்.
என் அறையில் ஆறு கட்டில்,
ஒரே வைஃபையில் ராத்திரியெல்லாம் ஆறு போன்.
அதில் இரண்டு பேர்
முகம் பார்த்துப் பேசி நாலு மாதம்.

ஜூலை. கடலே வெந்நீர்.
வெள்ளிக்கிழமை மதியம் ஓர் அழைப்பு.
"சார், ஃபிஷ் ஸ்டமக், ஒன் பேட்டரி, யுவர் நம்பர்..."
"எந்த ஊர்ங்க?" என்றேன்.
"அட," என்றது குரல்.

மீன் சந்தையில் அறுத்துக் கழுவுபவர்,
செய்யது இபுராம்சா.
"நூறு ரியால்னு எழுதிருக்கே, நெசமா?"
நெசம்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.
குப்பியை டிஷ்யூவில் பொதிந்து தந்தார்.
"ஆறு கிலோ. சினை இல்ல."
கத்தியைத் துடைத்தபடியே கேட்டார்:
"தனியாவா திரிஞ்சுச்சு?"
கணக்குப் பார்க்கணும் என்றேன்.

பார்த்தேன்.
அது பிடிபட்ட பிறகு
ஒன்பதாம் காதுக்கு 4420
பதினோரு இரவு வந்திருக்கிறது.
எதற்கு என்று குழல் எழுதுவதில்லை.
பன்னிரண்டாம் இரவு
ஆறாம் காதில், வேறு மூன்று எண்களோடு.

குப்பியில் இன்னும் பதினாலு மாதம்
பேட்டரி இருக்கிறது. அணைக்க வழியில்லை.
பழுது பார்த்த காது ஒன்றைச் சோதிக்கவேண்டி
பக்கெட்டில் உப்புத்தண்ணீர் பிடித்து
இரண்டையும் சேர்த்து அமிழ்த்தினேன்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
திரையில் விழுந்தது
4417.
இரண்டு நிமிடம் கழித்து
மறுபடி.