கடைசித் தவணை

விசுவமடுச் சந்தி, தகரக் கொட்டகை,
பின்னேர ஆங்கில வகுப்பு.
பலகையில் மாஸ்டர் எழுதினார்: பே பாக்.
பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்தல்.
கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்,
பழிக்குப் பழி.

ஒரே சொல்லோ என்று கேட்டாள் யசோமதி.
வெள்ளைக்காரன் இரண்டையும்
கொடுத்துத்தான் தீர்க்கிறான் என்றார்.
நாங்கள் கடனும் வாங்குகிறோம்
பழியும் வாங்குகிறோம் என்றேன்.
சிரிக்க வேண்டிய இடம்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

கடனுக்கு என்னிடம் ஒரு மட்டை உண்டு.
நாற்பதினாயிரம், ஐம்பத்திரண்டு கிழமை,
ஐந்து பெண்களின் கையெழுத்து.
மற்றதற்கு ஒரு துண்டும் இல்லை.
யாரிடம் கேட்பது,
அவர்கள் எந்தக் கிழமை வருவார்கள்?

செவ்வாய். பாலைமர நிழல்.
மோட்டச்சைக்கிளால் இறங்கினான் கொம்பனிப் பெடியன்,
போன மாரியில்
காய்ச்சலில் கிடந்த சுகிர்தாவின் பாயடியில்
காசு வரும்வரை கதிரை போட்டு இருந்தவன்.

பால்மா ரின்னைக் கவிழ்த்தேன்.
முழுக்க இரண்டு ரூபாய்க் குற்றி.
"எண்ணுங்கோ தம்பி."

எண்ணினான்.
இடையில் பிழைத்து
முதலிலிருந்து எண்ணினான்.
நாங்கள் ஐந்து பேரும் அசையவில்லை.
வெயில் இறங்கிய பிடரியில்
சேர்ட் கொலர் நைந்து
வேறு நிற நூலால் தைத்திருந்தது.

மட்டையில் 'தீர்ந்தது' என்று எழுதினான்.
பிறகு ஒரு குற்றியை நீட்டி,
"அக்கா, இது கூடிப்போச்சு."

வாங்கினேன்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
வீடுவரை பொத்திக்கொண்டே வந்தது கை.