தொலைநகல் எண்

லியெக்சாவில் டிசம்பர் மாதம்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
கொதிகலனில் போடும் மரத்தூள் குருணையை
லாரி லாரியாக விற்கும் கம்பெனியில்
தைமி ஆர்டர் படிவத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறாள்.
இன்ஜினைக் கழற்றிய மெக்கானிக் மாதிரிதான்,
கையில் கறை மட்டும் இல்லை.

முதலாளி ரைனே சொன்னது இவ்வளவே:
"நாற்பத்தொரு கட்டம். யார் நிரப்புவது?
பாதியைத் தூக்கு."

தூக்குவது சுலபம்.
ஒரு டிக்கை எடுத்தால் கட்டம் மறையும்,
கீழே இருப்பது மேலே ஏறிக்கொள்ளும்,
பஸ்ஸில் சீட்டு காலியானதுபோல.

பிறந்த தேதி போனது.
(வாடிக்கையாளரில் பாதிப் பேர்
ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஜனவரி ஒன்றில்
ஒரே நாளில் பிறந்திருந்தார்கள்.)
விற்பனை மண்டலம் போனது.
உதிரி 2 போனது. உதிரி 1
எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

"ஆர்டருக்கான காரணம்."
இதற்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டுக்
கட்டாயமாக்கியது அவளேதான், போன வருஷம்.
திறந்து பார்த்தால்
ஆறாயிரம் ஆர்டருக்கு ஆறாயிரம் புள்ளி.
ஒரே ஒருவர்
"குளிர்" என்று எழுதியிருந்தார்.

தமிழில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் நிற்கும்.
கட்டாயக் கட்டத்தில் வைத்தாலோ
மெய்யும் போய்விடுகிறது.
தைமிக்கு இது தெரிய வழியில்லை.
தன் நட்சத்திரத்தைத் தானே அழித்துவிட்டு
காபி எடுத்துவந்தாள்.

பிறகு தொலைநகல் எண்.
அந்தக் கருவியைக் கண்ணால் பார்த்திராத வயது.
கை வைத்துவிட்டாள்.
"உறுதியா?" என்றது திரை.
எல்லாவற்றுக்கும் அது கேட்பதுதான்,
ஆனாலும் இந்த ஒருமுறை
உள்ளே என்ன என்று பார்த்தாள்.

எண்ணே இல்லை.

"நாய் கடிக்கும். வெள்ளை நாய் மட்டும்."
"பெரிய லாரி வேண்டாம், பாலம் முனகுகிறது."
"ஆர்டர் கணவர் பெயரில். கணவர் இல்லை.
பெயரை மாற்றாதே என்றார்."
"குழாயை ஜன்னல் பக்கம் இழுக்காதே, குழந்தை தூங்கும்.
பள்ளிக்கூடம் போகிறான் இப்போது. இழுக்கலாம்."
"மணி அடித்துப் பயனில்லை.
சமையலறை விளக்கைப் பார்."
"பில் மகளுக்கு. அவரிடம் பேச்செடுக்காதே."

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வரிகள்.

பனி உதறிக்கொண்டு வந்த டிரைவர் ஊர்ஹோவை நிறுத்தினாள்.
"யார் எழுதினது இதெல்லாம்?"
"எல்லாரும்."
"குறிப்புக்குத்தான் தனிக் கட்டம் இருக்கிறதே?"
"அது சீட்டில் அச்சாகாது. ஃபாக்ஸ் அச்சாகும்."
இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதிய பதிப்பில் அந்தக் கட்டம்
எண்களை மட்டுமே ஏற்கும்.
அடுத்த திங்களோடு
நாய், பாலம், விளக்கு எல்லாம் பிழைகள்.

அன்று இரவு பத்து வரை இருந்தாள்.
நீளமான கட்டம் ஒன்று உண்டாக்கி
வரிகளைக் குடியேற்றினாள்,
சீட்டின் தலையில் அச்சாகும்படி வைத்தாள்.
பெயர்தான் அமையவில்லை.
"முக்கியம்" என்று அடித்தாள். அழித்தாள்.
"கவனிக்க." அதுவும் அதட்டுகிறது.
கடைசியில் "ஓட்டுநருக்கு."
நட்சத்திரம் போடவில்லை.

காலை ஏழுக்குள் நான்கு போன்:
"ஃபாக்ஸ் எங்கே?"

எட்டு மணிக்குப் பெயரைப் பழையபடி மாற்றினாள்.

"இருபதைத் தூக்கினாய், சரி,
இதை ஏன் விட்டாய்?" என்றார் ரைனே.
"உபயோகத்தில் இருக்கிறது" என்றாள்.
"யாருக்கு இன்னும் ஃபாக்ஸ் போகிறது?"
தைமி தோளைக் குலுக்கினாள்.

வியாழக்கிழமை
ஒரு தொலைநகல் எண் திருத்தப்பட்டிருந்தது:
"வெள்ளை நாய் இல்லை. இறங்கலாம்.
அவரிடம் கேட்காதே."