இரண்டும் இடது

விசாரணை தருமபுரியில்,
மேற்பார்வைப் பொறியாளர் அலுவலக மாடியில்.
கையுறை அணியாமல் கம்பம் ஏறினேன்,
குற்றச்சாட்டு ஒன்று.
இரண்டாவதும் அதேதான், வேறு விதி எண்ணில்.

எனக்கு உதவியாளராக வந்தவர் சென்றாயன்,
பாலக்கோடு கிளைச் செயலாளர்.
பதினோரு மாதம் சந்தா பாக்கி எனக்கு.
போன தேர்தலில் எதிர்ச் சங்கத்துக்கு
ஓட்டுப் போட்டவன் என்பதும் தெரியும் அவருக்கு.
பஸ்ஸில் அதைப் பேசவில்லை;
தக்காளி விலையைப் பேசிக்கொண்டே வந்தார்.

பண்டகப் பதிவேட்டில் என் கையெழுத்து:
ரப்பர் கையுறை, ஒரு ஜோடி.
அதிகாரி பேனாவை மூடப்போனார்.

"ஐயா, அந்த ஜோடியைப் பார்க்கலாமா?"

கேட்டுக் கேட்டு, மூன்று மணிக்கு
ஜீப்பில் வந்தது பெட்டி.
மேஜைமேல் எடுத்து வைத்தார்,
ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று.
இரண்டும் இடது கை.

மின்விசிறி சுற்றியது.
"இதை எப்படி சார் அடிக்கிறது?" என்றாள் தட்டச்சர்.
"பாத்தத அப்படியே அடிம்மா."

பேருந்து நிலையத்தில் சந்தா பாக்கியை நீட்டினேன்.
எண்ணி வாங்கிக்கொண்டு
முழங்கால்மேல் விரித்தார் ரசீதுப் புத்தகத்தை.
அடிக்கட்டையில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.
கட்டுப்போட்ட வலது கையை மடியில் கிடத்திவிட்டு
மற்றதால் கிறுக்கினேன்.
அதையே கொஞ்சநேரம் பார்த்தார்.
அதற்குள் அரூர் வண்டி வந்துவிட்டது,
நாளைக்கு அங்கே ஒரு ஒப்பந்தத் தொழிலாளி விவகாரம்,
ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

ஆணை மாசியில் வந்தது:
ஊதிய உயர்வு ஆறு மாதம் நிறுத்தம்.
இரண்டு வருடம் என்றிருந்ததாம் முதலில்.
கையுறை பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறார் சென்றாயன்.
முதல் வரியே அதுதான்.